தஞ்சை வீணை வாங்கச் சென்றோம்

(நம் சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் பலர் நின்று பேசிய மேடை இது. நாமோ பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்துக் கோப்புகளோடு வாழ்ந்து வருகின்றோம். இசையிலக்கணம் முறையாக அறியோம். ஆயினும் நம் செயலாளர் அவர்கள், "சென்ற கோடையில் தஞ்சைக்குச் சென்று வீணை வாங்கி வந்தீர்களே, அதனைப் பற்றியே பேசுங்கள், அடுத்து வாங்க இருப்போர்க்குப் பயன்படும்" என்று பணித்தமையால் துணிந்து நிற்கின்றோம். இசை அறிந்த தாய்மார்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

எம் மகளுக்கு வயது பதின்மூன்று. முதலில் அவள் கேட்டது வீணை அன்று; மாண்டலின். யு. ஸ்ரீநிவாஸ் அவர்களின் வாசிப்பை ஒலிப்பதிவில் கேட்டு அவள் மயங்கியதன் விளைவு அது. ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து, 2014-இல் சென்னையில் மறைந்த அம்மேதை, மேல்நாட்டுக் கருவி ஒன்றைக் கருநாடக இசைக்குப் பணியச் செய்தவர். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் பூட்டிய கருவியை ஐந்து ஒற்றைத் தந்திகள் உடையதாக மாற்றி, மின்விசையால் ஒலி பெருக்கி வாசித்தார். நம் வீட்டுப் பெண்ணுக்கும் அவ்வாசை பிறந்ததில் குற்றமில்லை. ஆனால் ராமகிருஷ்ணபுரத்தில் அவளுக்கு இசை கற்பிக்கும் அம்மையார், "எனக்குத் தெரிந்தது வீணை ஒன்றே. அதனைக் கற்றபின் வேறெதுவும் கற்கலாம்" என்று கூறிவிட்டார். வழக்கு அத்துடன் முடிந்தது.

முதலில் உறவினர் ஒருவரிடம் பழைய வீணை ஒன்றை இரவல் பெற்றோம். அதற்கு நேர்ந்த கதியைச் சொல்லவே நாணுகின்றோம். ஒரு ஜூன் மாதத்தில், மேற்குப் பார்த்த தாழ்வாரத்தில் அதனைச் சாத்தி வைத்துவிட்டு அலுவலகம் சென்றோம். டில்லியின் அனல் காற்றை நீங்கள் அறிவீர்கள். வீணையின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல, மெழுகில் பதிக்கப்பட்டவை. தேன்மெழுகு உருகுவதற்கு அறுபது டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் நாற்பதை எட்டும்போதே அது இளகத் தொடங்கிவிடும். மாலையில் வந்து பார்த்தால், இருபத்து நான்கு மெட்டுகளும் விழாப் பந்தலில் வரிசை கலைந்த நாற்காலிகளைப் போல் நின்றன. மகள் அழுதாள். இல்லத்தரசியார் பேசவில்லை, அது அழுகையினும் கொடிது. இரவல் தந்தவர் பெருந்தன்மையாளர், ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீணையைச் செப்பனிட்டுத் திருப்பித் தந்தோம். அவளுக்கெனச் சொந்தமாக ஒன்று வாங்குவதென்று அன்றே உறுதி செய்து, சேமநிதியில் முன்பணத்துக்கு விண்ணப்பம் எழுதினோம்.

தஞ்சை வீணையின் பெருமை நீங்கள் அறியாதது அன்று. இருபத்து நான்கு மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் இன்றைய அமைப்பு, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவாயிற்று என்பது மரபு. 2013-இல் தஞ்சை வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் குறியீடு ஊருக்குத்தான். ஒவ்வொரு வீணைக்கும் நாதம் உறுதி என்று எவரும் முத்திரை குத்தித் தர இயலாது. எம் அலுவலகத்தில் ஒரு மரையாணி வேண்டுமாயின் பட்டியல் எண்ணைக் குறித்தால் போதும். எந்தப் பட்டறையில் கடைந்ததாயினும் பொருந்தும். வீணை அவ்வாறன்று. ஒரே கை செய்த இரண்டும் ஒன்றுபோல் பேசுவதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விந்தை என்றும் எண்ண வேண்டா. அமெரிக்காவில் கிப்சன் தொழிற்சாலையில் லாயிட் லோர் என்பார் 1922 முதல் 1924 வரை கையெழுத்திட்டு வெளியிட்ட மாண்டலின்களை இன்றும் பொன்னெனப் போற்றுகின்றனர். அவற்றுள் 1923 ஜூலை 9 என நாளிட்ட ஒன்று, பில் மன்றோ என்னும் இசைஞர் கையில் பெரும்புகழ் பெற்றது. ஒரே பட்டறையில், ஒரே அளவில் செய்தவையாயினும் ஒன்றன் நாதம் மற்றொன்றுக்கு இல்லையென்று அந்நாட்டவரும் ஒப்பிட்டு வாதிடுகின்றனர்.

தஞ்சையில் பழைய தெரு ஒன்றில், ஓட்டு வீட்டின் திண்ணையையும் முற்றத்தையுமே பட்டறையாகக் கொண்டு தொழில் செய்யும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அகவை எழுபது இருக்கும். உதவிக்கு ஓர் இளைஞர். பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். முற்றமெங்கும் பலாமரச் சீவல். அதன் மஞ்சள் நிறமும் மணமும் இன்னும் எம் நினைவில் உள்ளன. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மரம் வருகிறது என்றார். அடிமரத்தை அறுத்து, குடத்தைக் குடைந்து, காய வைத்து, மீண்டும் குடைந்து, மேற்பலகை பொருத்தி, தண்டியும் யாளிமுகமும் அமைத்து, சுரைக்குடுக்கை மாட்டும் வரை நாள்கணக்கில் கைவேலை. ஒரு காலத்தில் தந்தத்திலும் மான்கொம்பிலும் இழைத்த அணிவேலை இன்று பிளாஸ்டிக்கில் நடக்கிறது. அதில் எமக்கு வருத்தமில்லை. யானையும் மானும் பிழைத்திருக்கட்டும்.

விற்பனைக்கு இரண்டு வீணைகள் ஆயத்தமாக இருந்தன. ஒன்று ஏகாண்டம், குடம், தண்டி, யாளி மூன்றும் ஒரே மரத்தில் குடைந்தது. மற்றொன்று ஒட்டு வீணை. பகுதிகளைத் தனித்தனியே செய்து இணைத்தது. ஏகாண்டத்தின் விலை, ஒட்டு வீணையினும் எம் ஒரு மாதச் சம்பளத்தளவு கூடுதல். உள்ளதைச் சொல்வோம், ஏகாண்டம் என்ற பெயர் கேட்டவுடனேயே எம் மனம் அதன்மேல் விழுந்துவிட்டது. நம் சங்க ஆண்டு விழாவில் எம் மகள் அதனை மடியில் கிடத்தி அமரும் காட்சியையும், முன்வரிசையில் இருப்போர் "ஏகாண்டமோ?" என்று வினவுவதையும் கண்முன் கண்டோம். முன்பணமும் அவ்விலைக்கு ஏற்பவே கேட்டு வாங்கியிருந்தோம்.

ஆசிரியை அம்மையார் புறப்படும்போதே சில சொல்லி அனுப்பியிருந்தார். அவை வாங்குவோர் அனைவர்க்கும் உதவும். முதலில் சாரணித் தந்தியை மெட்டுத் தொடாமல் மீட்டி, நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் அதே சட்சம் மேல்தாயியில் இம்மியும் பிசகாமல் ஒலிக்க வேண்டும். பின்னர் நான்கு தந்திகளிலும் மெட்டு மெட்டாக இறங்கி வரவேண்டும். எங்கேனும் தந்தி அடுத்த மெட்டில் உரசி இரைகிறதா என்று செவி கொடுக்க வேண்டும். அதனினும் முதன்மையானது தந்தியை இழுத்துப் பார்ப்பது. ஒரே மெட்டில் நின்று இரண்டு மூன்று சுரங்கள் வரை இழுத்தால்தான் கமகம் பிறக்கும். அந்த இழுப்பில் ஒலி தேய்ந்து மறைகின்ற வீணையால் பயனில்லை. பிரடைகள் முறுக்கிய இடத்தில் நிற்கின்றனவா என்பதும் காண வேண்டும். நகாசு வேலையைக் கடைசியில் பார்த்தால் போதும் என்றார்.

மகள் இரண்டையும் வாசித்துப் பார்த்தாள். மெட்டுகளில் இரண்டிலும் குறையில்லை. ஆயினும் கண் பார்க்கும்போது செவி நேர்மையாக நடப்பதில்லை என்பதை நாம் அன்று உணர்ந்தோம். ஏகாண்டத்தை அவள் தொட்டாலே எமக்கு இனித்தது. ஆகவே ஒன்று செய்தோம். நாமும் இல்லத்தரசியாரும் தெருத் திண்ணைக்கு வந்து, உள்ளே முதுகு காட்டி அமர்ந்தோம். மகள் எந்த வீணை என்று சொல்லாமல், ஒரே வரிசையை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி ஆறு முறை வாசித்தாள். எது தெளிவோ அதற்குத் தரையில் கோடு இழுப்பது என்பது ஏற்பாடு. ஆறில் ஐந்து முறை எமது கோடு ஒட்டு வீணைக்கே விழுந்திருந்தது! இல்லத்தரசியாருக்கு ஆறும் அதற்கே. ஏகாண்டத்தில் நாதம் நீண்டு நின்றது உண்மை. ஆனால் மந்தரத்திலும் அனுமந்தரத்திலும் ஒலி பானைக்குள் பேசுவதுபோல் உருண்டது. ஒட்டு வீணையிலோ ஒவ்வொரு சுரமும் பெயர் சொல்லி அழைத்ததுபோல் தனித்து வந்தது.

அப்போதும் எம் ஆசை அடங்கவில்லை. "பெரியவரே, ஏகாண்டம் அன்றோ உயர்ந்தது?" என்றோம்.

அவர் உளியைக் கீழே வைத்தார். "ஐயா, ஏகாண்டம் உயர்த்திதான். ஆனா இந்த மரம் காய்ந்து இரண்டு வருஷந்தான் ஆச்சு. அது ஐந்து வருஷம் காய்ந்த மரம். இது இன்னும் பேசக் கத்துக்கல. இங்கேயே இருந்தா நாலஞ்சு வருஷத்துல அதை மிஞ்சினாலும் மிஞ்சும். நீங்க டில்லிக்குக் கொண்டு போறேங்கறீங்க. அந்த வறட்சியிலே பச்சை விடாத ஒத்தை மரம் வெடிச்சா, நான் இங்கேயிருந்து என்ன செய்ய முடியும்? பாப்பாவுக்கு அதைக் கொடுங்க" என்றார்.

எமக்கு முதலில் ஐயமே எழுந்தது. விலை கூடிய பொருளை வேண்டாமென்று தடுக்கும் வணிகரை நாம் முன்பு கண்டதில்லை. வேறு யாருக்கோ அதனை ஒதுக்கி வைத்திருக்கிறார் போலும் என்று இல்லத்தரசியாரின் காதில் கூறினோம். அவர் எம்மை ஒரு பார்வை பார்த்தார். "ஆறு கோடு எதற்குப் போட்டோம்?" என்று மட்டும் கேட்டார். ஒட்டு வீணைக்கே பணம் எண்ணிக் கொடுத்தோம். மிஞ்சிய ஒரு மாதச் சம்பளத்தளவு பணத்தில் மரப்பெட்டியும் மாற்றுத் தந்திகளும் வாங்கிய பின்னும் கையிருப்பு இருந்தது.

கொண்டுவந்த கதையைச் சுருங்கச் சொல்வோம். தந்திகளைத் தளர்த்தி, குடத்தைச் சுற்றிப் பழம்புடவை சுற்றி, சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் மேற்படுக்கையில் வீணையைப் படுக்க வைத்தோம். அப்படுக்கைக்கு உரிய நாம் மகளின் காலடியில் உட்கார்ந்தே வந்தோம். நாக்பூரில் ஏறிய பயணி ஒருவர், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று பரிவோடு கேட்டார்.

வந்தபின் ஓராண்டாக வீணை நலமாக உள்ளது. குளிர்காற்றுப் பெட்டியின் காற்று நேரே படாத உள்ளறையில், வெளிச்சுவரைத் தொடாமல் வைத்திருக்கின்றோம். குளிர்காலத்தில் கணப்பை அதனருகே கொண்டு செல்வதில்லை. இவ்வளவு காத்தும் இவ்வாண்டு மே மாதத்தில் ஏழாவது மெட்டு சிறிது நகர்ந்துவிட்டது, பஞ்சமம் பிசகிற்று. தொலைபேசியில் பெரியவரை அழைத்தோம். மகள் மெட்டு மெட்டாக வாசிக்க, அவர் அங்கிருந்து கேட்டு, "ஏழு மட்டுந்தான். கரண்டிக் காம்பைச் சூடு பண்ணி மெட்டு மேல வை பாப்பா. மெழுகு இளகட்டும். ஒரு நூல் குடத்துப் பக்கம் தள்ளு... போதும், போதும்! கையை எடு" என்றார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நூலளவைச் செவியால் அளந்த அம்முதியவரை எண்ணி எண்ணி வியக்கின்றோம்.

ஆயினும் இது ஒரு மெட்டுக்குத்தான் ஆகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மெழுகு முழுவதையும் எடுத்துவிட்டு, கரித்தூள் கலந்த புதுமெழுகில் மேளம் கட்டியாக வேண்டும். அது தொலைபேசியில் ஆகாது. இங்கேதான் இன்றைய பேச்சின் உண்மையான காரணத்துக்கு வருகின்றோம்.

நம் காலனியிலும் அண்டைக் குடியிருப்புகளிலுமாக, எமக்குத் தெரிந்து நான்கு வீணைகள் வாசிப்பாரின்றிக் கிடக்கின்றன. ஒன்று கட்டிலுக்கு அடியில். ஒன்று நவராத்திரியில் மட்டும் கொலுப்படியருகே வந்து அமர்கிறது. காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றே: மேளம் போயிற்று, கட்டித் தர ஆளில்லை. நம் சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் பாட்டியாலாவின் ஒற்றைத் தண்டவாள ரயிலைக் குழந்தைகளோடு கண்டிருப்பீர்கள். 1907-இல் தொடங்கி, 1927-இல் ஓட்டம் நின்று, நெடுங்காலம் கொட்டகையில் கிடந்ததை எம் வடக்கு ரயில்வேயின் அமிர்தசரஸ் பட்டறைத் தொழிலாளர் செப்பனிட்டு மீண்டும் ஓட வைத்தனர். நம் வீணைகள் அத்தனை காலம் கிடக்கவில்லை.

பெரியவரிடம் கேட்டுவிட்டோம். எம் வீட்டதோடு சேர்த்து ஐந்து வீணைகளாவது இருந்தால், ஐப்பசியில் வந்து பத்து நாள் தங்கி மேளம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளார். வெயில் தணிந்து, கடுங்குளிர் தொடங்காத அந்நாள்களே மெழுகு இறுகுவதற்கு ஏற்றவை என்றார். மெழுகும் மெட்டும் அவரே கொண்டு வருவார். தங்குவதும் உண்பதும் எம் இல்லத்தில். போக்குவரத்துக் கட்டணத்தை வீணைக்கு ஒரு பங்காக ஐந்து வீட்டார் ஏற்றுக்கொண்டால் போதும். கூலியை அவரவர் நேரில் பேசிக்கொள்ளலாம். உதவிக்கு வரும் இளைஞர்க்கும் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். முதியவரைத் தனியே அனுப்ப அவர் வீட்டார் இசையவில்லை.

ரயிலில் இடம் முன்பதிவு செய்ய அறுபது நாள்களுக்கு முன்பே பெயர்கள் எம் கைக்கு வரவேண்டும். ஆதலின் ஆடி முடிவதற்குள் வீணை வைத்திருப்போர் நம் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகின்றோம். கட்டிலுக்கு அடியில் உள்ள வீணைக்கு உரிய அம்மையார் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். அவர் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ள இசைவு கேட்கின்றோம்.