நியூகாசில்: விடை கூறாமல் முடிந்த வழக்கு

இங்கிலாந்தின் வடகிழக்கு நகரான நியூகாசிலின் கால்பந்துக் கழகத்தை, அதாவது நியூகாசில் யுனைடெட்டை, ஏறத்தாழ 30 கோடி பவுண்டுக்கு விற்பதென்று 2020 ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது. விற்க முன்வந்தவர் விளையாட்டுப் பொருள் வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய மைக் ஆஷ்லி. வாங்க முன்வந்தது மூன்று தரப்பினர் சேர்ந்த ஒரு கூட்டணி. அதில் 80 விழுக்காட்டுப் பங்கு சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்துக்கு என்றும், எஞ்சியதில் பாதி பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்திய அமண்டா ஸ்டேவ்லியின் நிறுவனத்துக்கும் மறுபாதி ரூபன் சகோதரர்களுக்கும் என்றும் பிரிக்கப்பட்டிருந்தது. விலையில் பிணக்கில்லை, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே மனக்கசப்பும் இல்லை. ஆயினும் கழகம் கைமாறப் பதினெட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் தனியார் நடுவர் மன்றம், உயர் நீதிமன்றம், போட்டிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆகிய மூன்று அரங்குகளுக்கு இந்தப் பிணக்கு சென்றது. அவற்றில் ஒன்றுகூடப் பிணக்கின் வேரிலிருந்த கேள்விக்கு விடை கூறவில்லை என்பதே இவ்வழக்கைச் சட்ட மாணவர்களும் கால்பந்து ரசிகர்களும் ஒருசேரக் கவனிக்கத்தக்கதாக ஆக்குகிறது.

அந்தக் கேள்வி இதுதான்: பொது முதலீட்டு நிதியமும் சவூதி அரசும் ஒன்றா, வேறா?

இக்கேள்வி ஏன் எழுந்தது என்பதை அறிய, பிரீமியர் லீக் எத்தகைய அமைப்பு என்பதை முதலில் அறிய வேண்டும். அது அரசு அமைப்பன்று. தொடரில் ஆடும் 20 கழகங்களும் தலைக்கு ஒரு பங்கு வைத்திருக்கும் ஒரு தனியார் நிறுவனம். அதன் விதிநூல், சட்டமன்றம் இயற்றிய சட்டமன்று, கழகங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அவ்விதிகளின்படி ஒரு கழகத்தை வாங்க விரும்புவோர் ‘உரிமையாளர், இயக்குநர் தகுதித் தேர்வு’ எனப்படும் சோதனையைக் கடக்க வேண்டும். ஆவணத்தில் பெயர் இருப்பவர் மட்டுமன்றி, திரைக்குப் பின்னிருந்து கழகத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் உடையவரும் அங்கே இயக்குநராகவே கொள்ளப்படுவார். அவ்வாறு கொள்ளப்படுபவர், பிரிட்டனில் நடந்திருந்தால் குற்றமாகியிருக்கும் ஒரு செயலை வெளிநாட்டில் புரிந்திருப்பதாக லீகின் நிர்வாகக் குழு நியாயமாகக் கருதினால், நீதிமன்றத் தண்டனை ஏதும் இல்லாவிட்டாலும், அவரைத் தகுதியற்றவராக்க விதியில் இடமிருந்தது.

நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். அதன் வாரியத்தில் அமைச்சர்கள் பலர் இருந்தனர். எனவே நிதியத்தின் வழியாக அரசே கழகத்தைக் கட்டுப்படுத்தும் என்று முடிவானால், அரசே ‘இயக்குநர்’ ஆகிவிடும். அரசு இயக்குநர் ஆனால் அரசின் செயல்களே சோதனைக்கு உட்படும். 2018 அக்டோபரில் இஸ்தான்புலில் உள்ள சவூதி துணைத் தூதரகத்தில் பத்திரிகையாளர் ஜமால் கசோகி கொல்லப்பட்டதைச் சுட்டி, மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இந்த விற்பனையை எதிர்த்து லீகுக்குக் கடிதம் எழுதியது. ஆனால் லீகின் மடியில் நேரடியாகக் கைவைத்தது வேறொரு விவகாரம். 2017 ஜூனில் சவூதி அரேபியா கத்தாருடன் உறவை முறித்துக்கொண்ட பின், அப்பகுதியில் லீகின் ஒளிபரப்பு உரிமையை விலைகொடுத்து வாங்கியிருந்த கத்தாரின் பீஇன் நிறுவனத்தின் ஒளிபரப்பைப் ‘பீஅவுட்க்யூ’ என்ற திருட்டு அலைவரிசை அப்படியே எடுத்து வெளியிட்டு வந்தது. இதை எதிர்த்துச் சவூதி நீதிமன்றத்தை நாட முயன்ற லீகும் பிற கால்பந்து அமைப்புகளும் ஒன்பது சவூதி சட்ட நிறுவனங்களை அணுகியும் வழக்கை நடத்த ஒருவரும் முன்வரவில்லை என்று 2019-ல் பகிரங்கமாக அறிவித்தன. தன் சரக்கு களவுபோனதாக முறையிட வழக்கறிஞர்கூடக் கிடைக்காத நாட்டின் நிதியம், மறு ஆண்டே தன் தொடரில் ஒரு கழகத்தை வாங்க வந்து நின்றபோது லீக் தயங்கியதில் வியப்பில்லை. 2020 ஜூனில் உலக வணிக அமைப்பின் குழுவும், அந்த அலைவரிசையை நடத்தியோர்மீது சவூதி அரசு குற்றவியல் நடவடிக்கை எடுக்கத் தவறியது எனக் கண்டறிந்தது.

அதே ஜூன் 12-ம் நாள், சவூதி அரசே இயக்குநராகக் கொள்ளப்படும் என்பது தனது தற்காலிகக் கருத்து என்று லீக் கடிதம் எழுதியது. வாங்குவோர் இதை மறுத்தனர். சுதந்திரமான நடுவர்கள் முன் இதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று லீக் அழைத்ததையும் அவர்கள் ஏற்கவில்லை. ஜூலை 30 அன்று கூட்டணி விலகிக்கொண்டது. செப்டம்பரில், லீக் தங்கள் விற்பனையை நிராகரித்துவிட்டதாகக் கழகம் அறிவித்தபோது, அந்த அறிவிப்பு தனக்கு வியப்பும் ஏமாற்றமும் அளிப்பதாக லீக் பதிலளித்தது. தடுக்கப்பட்டதாக உலகமே பேசிய ஒரு விற்பனை உண்மையில் தடுக்கப்பட்டதா என்பதே முதல் பிணக்காயிற்று. ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் காலத்தை ஓடவிடுவதும் ஒரு வகை மறுப்புதான் என்று கழகத் தரப்புக் கருதியதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நான்கு மாதங்களாக முடிவு வராத விண்ணப்பத்துக்கு வேறு பெயர் சூட்டுவது கடினம்.

வழக்குத் தொடுக்கும் தகுதி யாருக்கு என்ற கேள்வி அடுத்து வந்தது. வாங்குவோர் லீகின் உறுப்பினர் அல்லர். அவர்களுக்கும் லீகுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. கழகமே உறுப்பினர். ஆனால் உறுப்பினருக்கும் லீகுக்கும் இடையே எழும் பிணக்குகள் நடுவர் மன்றத்தில்தான் தீர்க்கப்பட வேண்டும் என்று விதிநூல் கட்டளையிடுகிறது. நடுவர் மன்றம் என்பது இரு தரப்பும் சேர்ந்து அமர்த்தும் தனியார் நீதி அரங்கு. அதன் விசாரணை மூடிய அறையில் நடக்கும், ஆவணங்களும் வெளிவருவதில்லை. விரைவும் கமுக்கமும் வேண்டி வணிகர்கள் இம்முறையை விரும்புவது இயல்பே. ஒரு நகரமே தன் சொத்தாகக் கருதும் கழகத்தின் எதிர்காலம் அதே அறையில் முடிவாவது வேறு விஷயம். ஆஷ்லியின் காலத்தில் கழகம் இருமுறை கீழ்நிலைத் தொடருக்கு இறங்கியதையும், 2011-ல் விளையாட்டரங்கின் பெயரையே அவருடைய கடையின் பெயராக மாற்றியதையும் கண்டு வெறுத்திருந்த ரசிகர்களுக்கு, தங்கள் கழகத்தின் வழக்கு எங்கே, எப்போது, எதைப் பற்றி நடக்கிறது என்பதை அறியும் உரிமைகூட இல்லாதிருந்தது.

அந்த மூடிய கதவு சற்றே திறந்தது ஒரு கிளை வழக்கினால். நடுவர் மன்றத்தில் மூவர் இருந்தனர்: பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் நியூபெர்கர், மற்றொரு மூத்த முன்னாள் நீதிபதி டைசன், தலைமை நடுவராக விளையாட்டுச் சட்டத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர் மைக்கேல் பெலாஃப். இதே தகுதித் தேர்வு விதிகளைத் திருத்துவது குறித்து 2017-ல் லீகுக்குப் பெலாஃப் ஆலோசனை வழங்கியிருந்தார் என்பது பின்னர் தெரிய வந்ததும், அவரை நீக்கக் கோரிக் கழகம் 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 24-ம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் சென்றது. இங்கே சட்டம் கேட்பது நடுவர் உண்மையிலேயே ஒருபக்கம் சாய்ந்தவரா என்பதையன்று. உண்மைகளை நன்கறிந்த, நடுநிலை மனமுள்ள ஒரு பார்வையாளர், சாய்வு இருக்கக்கூடும் என்று நியாயமாக ஐயுறுவாரா என்பதே அதன் அளவுகோல். நடுவர்கள் தம் பழைய தொடர்புகளை வெளிப்படுத்தும் கடமை பற்றி உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில்தான் ஹாலிபர்ட்டன் வழக்கில் விரிவாகத் தீர்ப்பளித்திருந்தது. அதன் மை காய்வதற்குள் இந்த வழக்கு வந்தது.

நீதிபதி பெல்லிங் மனுவைத் தள்ளுபடி செய்தார். பழைய ஆலோசனை சில ஆண்டுகளுக்கு முந்தையது, அது இப்போதைய பிணக்கின் மையமான ‘கட்டுப்பாடு’ என்பதன் விளக்கத்தைத் தொடவில்லை என்பன அவர் கருதிய காரணங்களுள் முக்கியமானவை. நடுவர், லீகின் வழக்கறிஞர்களோடு மட்டும் கழகத்துக்குத் தெரியாமல் மின்னஞ்சலில் தொடர்புகொண்டது தவறே என்றாலும், நீக்கும் அளவுக்கு அது போதாது என்றும் அவர் முடிவு செய்தார். சட்டத் தருக்கத்தில் இதில் பெரிய குறை காண முடியாது. ஆனால் ஆண்டுதோறும் அதே ஒருசில வழக்கறிஞர்களே விதி எழுத உதவி, விதியை விளக்கி, விதிமீறலையும் தீர்க்கும் ஒரு சிறு வட்டத்தில், ‘நன்கறிந்த பார்வையாளர்’ அந்த வட்டத்துக்கு உள்ளே நிற்பவரா, அரங்கின் படிக்கட்டில் அமர்ந்திருக்கும் ரசிகரா என்ற ஐயம் எஞ்சவே செய்கிறது. இந்தத் தீர்ப்பை வெளியிடலாமா என்பதற்கே தனியாக ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது. வெளியிடலாம் என்று 2021 மார்ச்சில் முடிவான பின்னரே நடுவர் மன்றத்தில் யார், எதைப் பற்றி வாதிடுகின்றனர் என்பது பொதுமக்களுக்கு முறையாகத் தெரிந்தது.

மூடிய அறையை விட்டு வெளியேற ஆஷ்லி தரப்பு மற்றொரு வழியும் கண்டது. கழகத்தின் பங்குகளை வைத்திருந்த அவருடைய செயின்ட் ஜேம்ஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனம், 2021-ல் போட்டிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரி வழக்கிட்டது. 1998-ம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இரண்டைத் தடைசெய்கிறது: சந்தைப் போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்கள் ஒன்று, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது மற்றொன்று. லீகின் விதிநூலே போட்டியாளர்களான 20 கழகங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதால், ஒரு புதிய பணக்காரப் போட்டியாளர் உள்ளே வருவதைத் தடுக்க அவ்விதி பயன்படுத்தப்பட்டது என்பது குற்றச்சாட்டு. லீக் அதை மறுத்தது. இதுவும் பழைய பிணக்கேதான், நடுவர் மன்றத்துக்கே போகட்டும் என்று லீக் வாதிட்டது. விற்பவரின் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2021 செப்டம்பர் 29 அன்று நடந்த இந்த விசாரணை இணையத்தில் நேரலையாக வெளியிடப்பட்டது. வறண்ட அதிகார வரம்பு வாதத்தை, கோல் விழுமா என்று காத்திருப்பவர்களைப் போல ரசிகர்கள் அமர்ந்து பார்த்தனர்.

அதற்கு எட்டு நாள் கழித்து எல்லாம் முடிந்தது. கத்தாருக்கும் சவூதிக்கும் இடையிலான பகை அவ்வாண்டு ஜனவரியிலேயே அல்உலா மாநாட்டில் தணிந்திருந்தது; அக்டோபர் 6 அன்று பீஇன் ஒளிபரப்புக்குச் சவூதியில் இருந்த தடை நீங்கும் செய்தி வந்தது; மறுநாள், அக்டோபர் 7, விற்பனைக்கு லீக் ஒப்புதல் அளித்தது. சவூதி அரசு கழகத்தைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழிகள் தனக்குக் கிடைத்துள்ளதாக லீக் கூறியது. அவ்வுறுதிமொழிகளின் வாசகம் வெளியிடப்படவில்லை. 2022 தொடக்கத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்த நடுவர் விசாரணைக்கும் தேவை இல்லாமல் போனது.

இதற்கு முன்பு தடுக்கப்பட்ட ஒரு பெரிய விற்பனையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். 1998 செப்டம்பரில் பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனம் மான்செஸ்டர் யுனைடெட்டை 62.3 கோடி பவுண்டுக்கு வாங்க முனைந்தபோது, ஏகபோகங்களையும் இணைப்புகளையும் ஆராயும் ஆணையம் அதை விசாரித்தது. 1999 ஏப்ரலில் அமைச்சர் ஸ்டீபன் பையர்ஸ் அதைத் தடுத்தார். ஆணையத்தின் அறிக்கை காரணங்களுடன் அச்சேறியது. உடன்படாதவர்கள் எதனுடன் உடன்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்ட அதில் பக்கங்கள் இருந்தன.

நியூகாசில் வழக்கின் வேர்க் கேள்வி பின்னர் வேறொரு கண்டத்தில், யாரும் எதிர்பாராத வடிவில் தலைகாட்டியது. அமெரிக்காவில் பிஜிஏ கோல்ஃப் தொடருக்கும் சவூதி ஆதரவு பெற்ற லிவ் தொடருக்கும் இடையே நடந்த வழக்கில், நிதியமும் அதன் ஆளுநரான யாசிர் அல்ருமையானும் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கோரப்பட்டபோது, அவர்கள் தரப்பு இறையாண்மை விலக்குரிமையைக் கோரியது. அதாவது ஒரு நாட்டு அரசை மற்றொரு நாட்டு நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்ற பாதுகாப்பை. அதற்காக 2023-ல் அளிக்கப்பட்ட மனுவில் நிதியம் சவூதி அரசின் இறையாண்மைக் கருவி என்றும், ஆளுநர் பதவியிலுள்ள அமைச்சர் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. அதே அல்ருமையான்தான் நியூகாசில் கழகத்தின் தலைவர். லண்டனில் அரசு வேறு என்றும் கலிபோர்னியாவில் அரசே தாங்கள் என்றும் வாதிட முடிந்தது, முதல் வாதத்தை எந்த நீதிமன்றமும் சோதித்துப் பார்க்காததால்தான். அம்னெஸ்டி மறு ஆய்வு கோரியது. நாடாளுமன்றக் குழு கேட்டபோது, விசாரணை நடக்கிறதா என்பதைக்கூடச் சொல்ல முடியாது என்றார் லீகின் தலைமை நிர்வாகி ரிச்சர்ட் மாஸ்டர்ஸ்.

மனித உரிமை மீறலைத் தகுதியின்மைக் காரணமாகச் சேர்த்து லீக் 2023 மார்ச்சில் தன் விதியைத் திருத்தியது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம், உரிமையாளர்களின் தகுதியைச் சோதிக்கும் அதிகாரத்தைக் கழகங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பிடமும் அளித்தது. அரசின் வெளியுறவு, வணிகக் கொள்கைகளைக் கருத்தில் கொண்டே அவ்வமைப்பு உரிமையாளர்களுக்கு ஒப்புதல் அளிக்க வேண்டும் என்று முந்தைய முன்வரைவில் இருந்த பிரிவு, சட்டமாகும் முன்பே நீக்கப்பட்டுவிட்டது. இனி அவ்வமைப்பின் முடிவை ஏற்காதவர்கள் மேல்முறையீடு செய்யச் செல்ல வேண்டிய இடம் நடுவர் மன்றத்தின் மூடிய அறையன்று. 2021 செப்டம்பரில் நியூகாசில் ரசிகர்கள் நேரலையில் கண்ட அதே போட்டிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.