அங்கீகாரம் எங்கிருந்து வருகிறது?



ஒரு குழு நிலைத்து நிற்கணும்னா நாலு பேர் அதை நம்பணும். அந்த நம்பிக்கையைத்தான் அங்கீகாரம்னு சொல்றோம். அது எப்படி வருதுன்னு கொஞ்சம் பேசலாம்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவு செய்யாத குழுவும் தன் பேரில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி வழிவிட்டது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்தது.

யோசிச்சுப் பாருங்க. பத்திரம் இல்லை, நகை இல்லை. எதை நம்பி நமக்குக் கடன் கொடுத்தாங்க? அஞ்சு பழக்கத்தை நம்பித்தான். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது, அன்றன்றைக்கு எழுதும் கணக்கு. நம்ம நோட்டுதான் நமக்கு ஈடு.

அதனால்தான் தர மதிப்பீட்டில் நோட்டைக் கேட்கிறாங்க. ஆனா சில இடங்களில் என்ன நடக்குது? நாளைக்கு அதிகாரி வர்றாங்கன்னா, இன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து ஆறு மாசத் தீர்மானத்தையும் ஒரே பேனாவில் எழுதுறாங்க. கூட்டத்துக்கு வராதவங்க கையெழுத்தும் அதில் இருக்கும். மார்க் கிடைக்கும், கடனும் வரும். யார் எவ்வளவு வாங்கினாங்கன்னு மட்டும் உறுப்பினருக்கே தெரியாது. தவணை நின்ன பிறகு வீட்டு வாசலில் சண்டை. பேப்பரில் குழு இருக்கும், தெருவில் இருக்காது.

இன்னொரு ராத்திரியையும் சொல்றேன். 1974-இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள், ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கி தொடங்கினாங்க. படிக்காத பெண்கள் எப்படி வங்கி நடத்துவாங்கன்னு பதிவு செய்யத் தயக்கம் வந்தது. கைநாட்டு வைத்த பெண்கள் ராத்திரி உட்கார்ந்து தங்கள் பேரை எழுதிப் பழகிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டாங்க. அந்த வங்கி இன்னைக்கும் நடக்குது.

ரெண்டுமே அங்கீகாரத்துக்காகக் கண் விழித்த ராத்திரிதான். ஒண்ணில் நோட்டு மட்டும் மாறிச்சு, இன்னொண்ணில் பெண்களே மாறினாங்க.

நம்ம லால்பேட்டை கொடிக்காலைப் பாருங்க. அகத்தியைப் பிடிச்சுதான் வெற்றிலைக் கொடி ஏறும். அகத்தி எவ்வளவு உயரமா இருந்தாலும், வேர் அழுகிட்டா கொடி நிற்காது. வங்கியும் அரசும் நமக்கு அகத்தி. வேர் நம்ம வாரக் கூட்டம்.

கூட்டமைப்புக்கும் இதுதான். சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு நடத்தணும், கணக்கு சமர்ப்பிக்கணும். அதைப் பதிவாளருக்காக மட்டும் செய்யாம, நமக்காகச் செய்வோம்.

மூணே வேண்டுகோள். கூட்டம் முடியும் முன்னாடி வரவு செலவை உரக்கப் படிங்க. அவங்கவங்க பாஸ்புத்தகம் அவங்கவங்க கையில் இருக்கட்டும். பொறுப்பைக் காலாகாலத்தில் அடுத்தவங்களுக்குக் கொடுங்க.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சி எழுந்து, “என் கணக்கு எவ்வளவு?”ன்னு பயமில்லாமல் கேட்டு, அப்போதே பதில் வாங்க முடிஞ்சா, அந்தக் குழுவை எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாது.