கடன் அட்டையில் நாம் எடுக்காத பணம்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



உழவருக்குக் கடன் வேண்டுமாயின் லேவாதேவிக்காரரை நாடுவதைத் தவிர வேறு வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. பின்னர்க் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன; பாங்குகள் கிராமங்களுக்கு வந்தன. 1998-ஆம் ஆண்டில் உழவர் கடன் அட்டைத் திட்டம் தொடங்கப்பெற்றது. விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் வேண்டிய பணத்தை, ஒவ்வொரு முறையும் புதிதாக மனுச் செய்யாமல், அனுமதித்த வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துக்கொள்ள அது வகை செய்தது. 2012-ல் திட்டம் திருத்தப்பட்டபோது, ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் எடுக்கத்தக்க அட்டையும் அதனோடு சேர்ந்தது. இதனால் விளைந்த நன்மைகளை நாம் யாவரும் அறிவோம். இன்று நாம் பேச வந்தது, அந்த அட்டையின் பேரில் பிறர் பணம் எடுத்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றியாகும்.

இத்தகைய களவு எவ்வாறு நிகழ்கிறது? ஏ.டி.எம். இயந்திரத்தின் வாயில் திருட்டுக் கருவியைப் பொருத்தி, அட்டையிலுள்ள செய்திகளைப் படியெடுப்போர் உளர். எண்களை அழுத்தும் விரல்களை மறைவான காமிராவால் கண்டு, இரகசிய எண்ணையும் அறிந்துகொள்வர். வேறு சிலர், உதவி செய்வதுபோல் அருகில் நின்று, நம் அட்டையை வாங்கி, அதைப் போன்ற வேறோர் அட்டையைத் திருப்பித் தந்துவிடுவர். இன்னும் சிலர், பாங்கு அதிகாரி பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியிலேயே இரகசிய எண்ணைக் கேட்டுப் பெறுவர்.

சேமிப்புக் கணக்கில் களவு போனால் இருந்த பணம் போகிறது. கடன் கணக்கில் களவு போனாலோ இல்லாத கடன் நம் தலையில் ஏறுகிறது. நாம் எடுக்காத பணத்துக்கு நம் பேரில் வட்டி ஏறும். தவணை நாளில் அதைக் கட்ட இயலாமற்போனால், உரிய காலத்தில் கட்டுவோர்க்குக் கிடைக்கும் வட்டிச் சலுகையும் கைநழுவும். அடுத்த பருவத்துக்கு விதை வாங்க எடுக்க வேண்டிய வரம்பு குறைந்துவிடும். ஆகவே, "போனது போகட்டும்" என்று வாளாவிருப்பதற்கு இதில் இடமில்லை.

இத்தகைய இழப்பை யார் ஏற்பது என்பது குறித்து ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-ஆம் நாள் பாங்குகளுக்கு விரிவான உத்தரவு பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு பாங்குகளுக்கும் அவ்வாறே உத்தரவிட்டது. அவற்றின் சாரத்தை ஒவ்வோர் உழவரும் அறிதல் வேண்டும்.

முதலாவது, பாங்கின் குற்றத்தாலோ கவனக்குறைவாலோ பணம் போயிருந்தால், நாம் தெரிவித்தாலும் தெரிவிக்காவிட்டாலும் இழப்பு முழுவதும் பாங்கையே சாரும். இரண்டாவது, குற்றம் பாங்கினிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, இடையில் யாரோ செய்த மோசடி என்றால், செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் பாங்குக்குத் தெரிவித்துவிட வேண்டும். அப்பொழுது நமக்கு ஒரு காசும் இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், 25 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட வரம்புள்ள தனியார் கடன் கணக்குகளில், ஒவ்வோர் எடுப்புக்கும் நாம் ஏற்க வேண்டிய தொகை 10,000 ரூபாய்க்கு மேற்படாது. எடுத்துக்காட்டாக, ஒரே தடவையில் 20,000 ரூபாய் களவு போயிருந்தால் பாதியைப் பாங்கு ஏற்க வேண்டும். ஏழு நாட்களும் கடந்துவிட்டால், அந்தந்த பாங்கின் சொந்த விதிப்படியே முடிவு அமையும்.

நாட்களை எண்ணும் முறையையும் கவனிக்க வேண்டும். செய்தி கிடைத்த நாளைச் சேர்ப்பதில்லை. விடுமுறை நாட்களையும் சேர்ப்பதில்லை. வியாழக்கிழமை செய்தி வருகிறது என்று கொள்வோம். வெள்ளி முதல் நாள். அடுத்து வருவது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையாயின் பாங்குக்கு விடுமுறை, ஞாயிறும் விடுமுறை. எனவே திங்கள் இரண்டாம் நாள், செவ்வாய் மூன்றாம் நாள். இவ்வளவு அவகாசம் இருக்கிறதே என்று யாரும் தாமதிக்கலாகாது. திருடன் அடுத்த நாளும் எடுப்பான்.

மூன்றாவது, இரகசிய எண்ணை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், பாங்குக்குத் தெரிவிக்கும் வரையில் நேர்ந்த இழப்பு நம்முடையதே. தெரிவித்த பின் நேரும் இழப்போ பாங்கினுடையது. தம் தவறு வெளிப்படுமே என்று வெட்கி மறைப்போர் பலர். அவ்வாறு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுடைய இழப்பையே பெருக்குகிறது. தவறு செய்தவரும் உடனே தெரிவிப்பதுதான் நலம்.

நான்காவது, தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் அத்தொகையைப் பாங்கு தற்காலிகமாகக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். அந்த வரவு, பணம் களவு போன நாளிலேயே வைக்கப்பட்டதாகக் கணக்கிடப்பெறும். ஆகையால் இடைக்கால வட்டி நம்மீது ஏறாது. 90 நாட்களுக்குள் விசாரணையை முடித்தல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, குற்றம் வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பாங்கின்மீதே அவ்வுத்தரவு வைத்தது. "உங்கள் இரகசிய எண் இல்லாமல் பணம் வெளிவராது; ஆகவே நீங்களே எடுத்திருப்பீர்கள்" என்று கிளையில் சொன்னால், அதோடு திரும்பிவிட வேண்டியதில்லை. எழுத்து மூலம் விசாரணை கேட்கும் உரிமை நமக்குண்டு. இவ்விதிகளை ரிசர்வ் பாங்கு அவ்வப்போது திருத்துவதுண்டாகையால், புகார் செய்யும் நாளில் நடப்பிலுள்ள விதியைக் கிளையில் கேட்டறிந்துகொள்க.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம். முதல் வேலை, அட்டையின் பின்புறத்திலுள்ள தொலைபேசி எண்ணில் பேசி அட்டையை முடக்குவது. புகார் எண்ணையும், பேசிய நேரத்தையும் குறித்துக்கொள்க. அடுத்து, 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம். பின்னர்க் கிளைக்குச் சென்று எழுத்து மூலம் புகார் தர வேண்டும். கணக்கு எண், எடுக்கப்பட்ட தொகை, நாள், நேரம், ஏ.டி.எம். இருக்கும் இடம், அந்நேரத்தில் நாம் எங்கிருந்தோம் என்ற விவரம், அட்டை நம் கையில் இருக்கிறதா என்ற செய்தி ஆகியவை அதில் அமைய வேண்டும். அந்த இயந்திரத்தின் காமிராப் படத்தையும் பதிவேட்டையும் அழியாமல் காக்க வேண்டும் என்றும் எழுதுக. அப்படங்கள் நெடுநாள் வைக்கப்படுவதில்லை. புகாரின் நகலில் கிளையின் முத்திரையும் நாளும் பெறாமல் திரும்பலாகாது.

முப்பது நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்குக் காலம் தாழ்த்தாமல் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முத்திரை பெற்ற நகல் அங்கே நமக்குச் சான்றாகும்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நாமே பணம் எடுக்க முயன்று, இயந்திரம் பணத்தைத் தராமல் கணக்கில் மட்டும் பற்று எழுதிவிட்டால், அது களவன்று, இயந்திரப் பிழை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு வகுத்த விதிப்படி, ஐந்து நாட்களுக்குள் பணம் கணக்கில் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தரப்பட வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல உழவர்களின் கணக்கோடு இணைந்திருப்பது வெளியூரில் வேலை செய்யும் மகனின் தொலைபேசி எண். சிலருக்கோ பழைய எண்ணே இன்னும் பதிவில் உள்ளது. பணம் எடுக்கப்பட்ட செய்தி வந்தும் உழவர் கண்ணில் படுவதில்லை. படித்தறிய இயலாத முதியோரும் உளர். தத்தம் வார்டில் கடன் அட்டை வைத்திருப்போரின் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு, இல்லையேல் திருத்திக்கொள்ள உதவுங்கள். கிராம சபை கூடும் நாளில் இவ்விதிகளைப் படித்துச் சொல்லுங்கள். புகார் மனுவின் மாதிரி ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருங்கள். பணம் இழந்தவரைக் கேலி செய்யாமல், அவரோடு கிளைவரை ஒருவர் துணை செல்லுங்கள். தனியே சென்று சொல்லத் தயங்குபவர், ஊரார் ஒருவர் உடன் வந்தால் தம் குறையைத் தெளிவாக எடுத்துரைப்பார்.

உழைத்து ஈட்டுவதற்கு முன்னரே வாங்கும் பணம் கடன். அதில் ஒரு ரூபாயும் நாம் அறியாமல் நம் பேரில் ஏறாதபடி காப்பது நம் கடமை.