மலையினும் பெரியது எது?

திருச்சிற்றம்பலம்.



திருவிழாக் காலத்தில் நம் நெஞ்சம் தொலைவிலுள்ள தலங்களையே நாடுகின்றது. தில்லை என்கிறோம், ஆரூர் என்கிறோம், சீகாழி என்கிறோம். அவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும் அத்தலங்களில் வாழ்ந்த அடியார்களின் பெருமையை உலகறியச் செய்த பெருமான் பிறந்த பதி, இந்தத் தாம்பரத்திற்கு வடமேற்கே சில கல் தொலைவில் இருக்கின்றது. பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் செல்லும் சாலை நம்மை அங்கே கொண்டு சேர்க்கும். அதுவே குன்றத்தூர், தெய்வச் சேக்கிழார் அவதரித்த திருவூர்.

சேக்கிழார் குடியில் தோன்றிய அப்பெருமானுக்கு இட்ட பெயர் அருண்மொழித்தேவர். அவருடைய இளமைக் காலத்தைப் பற்றிச் சைவ மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. அதனை இன்று சிறிது சிந்திப்போம்.

சோழ மன்னன் தொண்டை நாட்டிலிருந்த அருண்மொழியாரின் தந்தையாருக்கு மூன்று வினாக்களை விடுத்தான். கடலினும் பெரியது எது? உலகினும் பெரியது எது? மலையினும் பெரியது எது? தந்தையாருக்கு விடை புலப்படவில்லை. அரசன் கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லையென்றால் குடிக்கே இழுக்கு அன்றோ? கவலையோடு இருந்த தந்தையைக் கண்ட மகன் காரணம் கேட்டார். கேட்டதும் திருக்குறளிலிருந்தே மூன்று விடைகளை எழுதிக் கொடுத்தார். பயன் கருதாமல் செய்த உதவி கடலினும் பெரியது. தக்க காலத்தில் செய்த நன்றி, சிறிதேயாயினும், உலகினும் பெரியது. தன் நிலையிலிருந்து பிறழாமல் அடங்கியிருப்பவனுடைய தோற்றம் மலையினும் பெரியது.

இந்த வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் மகனுடைய அறிவை வியந்து, அதனோடு நிறுத்திவிடுவார்கள். நாம் அந்தத் தந்தையாரையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரார் மதிக்கும் பெரியவர்; அரசனே வினா விடுக்கும் தகுதி உடையவர். "உனக்கு என்னடா தெரியும், போய் விளையாடு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மகனுடைய வாய் அடைபட்டிருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. தமக்கு விடை தெரியவில்லை என்பதை மகன் அறிவதற்கு நாணவில்லை. விடை மகனுடையது என்பதும் அரசவைக்கு மறைக்கப்படவில்லை. அதனாலன்றோ அரசன் அம்மகனை அழைத்து அமைச்சனாக்கி, உத்தம சோழப் பல்லவர் என்ற பட்டமும் தந்தான்! மேலும் ஒன்று கேட்போம். அத்தனை இளமையில் அந்தக் குறள்களை மகனுடைய நெஞ்சில் பதியவைத்த வீடு எது? அந்தத் தந்தையின் வீடுதானே! விதைத்தவர் அவர்; விளைந்தது மகனிடத்தில். விளைச்சலைக் கண்டு வயல் பொறாமைப்படுமா?

குன்றத்தூர் மலையும் இதனையே சொல்லாமல் சொல்லுகின்றது. படியேறி நாம் வணங்கும் முருகன், திருப்போரூரில் போர் முடித்துத் திருத்தணிகைக்குச் செல்லும் வழியில் இங்கே தங்கிச் சிவபூசை செய்தான் என்பது தலவரலாறு. கந்தன் வழிபட்ட அந்தப் பெருமான் கந்தழீசுவரராக மலையடிவாரத்தில் எழுந்தருளியிருக்கிறார். சுவாமிமலையிலோ தந்தை சீடனாகிச் செவி சாய்த்தார். மைந்தன் குருவாகிப் பிரணவப் பொருள் உரைத்தான். அங்கே தந்தை மகனிடம் கேட்டார். இங்கே மகன் தந்தையை வணங்கினான். இதனால் இருவரில் எவருக்கேனும் பெருமை குறைந்ததா? எல்லாம் அறிந்த இறைவனே கேட்டுக்கொள்ளும் இடத்தில் நின்று காட்டினான் என்றால், சிறிதளவே அறிந்த நாம் எப்படி நிற்க வேண்டும்?

அப்படியானால் தந்தை பிள்ளையைக் கண்டிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். சீகாழிக்குச் செல்வோம். சிவபாத இருதயர் வேதநெறி நின்ற அந்தணர். குளக்கரையில் தம் மூன்று வயதுக் குழந்தையின் கடைவாயில் பால் வழிவதைக் கண்டார். யார் கொடுத்த எச்சிற்பாலை உண்டாய் என்று கோல் எடுத்து அதட்டினார். அது குற்றமன்று, ஒழுக்கம் காக்கும் தந்தையின் கடமை. குழந்தை விரல் நீட்டித் தோணியப்பரைச் சுட்டிப் பாடியது. அக்கணமே அவர் உண்மை உணர்ந்தார், கோல் கைவிட்டது. அதட்டிய அதே தந்தை, பின்னர் அம்மகனைத் தோளிலே சுமந்தார். கோலை எடுக்க எல்லாத் தந்தையர்க்கும் தெரியும். அதனை எப்போது கீழே போடுவது என்று அறிவதே தந்தையின் ஞானம்.

மீண்டும் சேக்கிழாரிடம் வருவோம். அநபாய சோழன் என்பவன் இரண்டாம் குலோத்துங்கன் என்பர் ஆராய்ச்சியாளர். அவன் ஆட்சிக்காலம் 1133 முதல் 1150 வரை. அப்பேரரசின் முதலமைச்சர், குயவரையும் வேடரையும் பரதவரையும் ஏகாலியரையும் புலைப்பாடியில் பிறந்த நந்தனாரையும் தலைமேல் வைத்துப் பாடினார். பாடத் தொடங்கும்போது தம்மை எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? பெருங்கடல் முழுவதையும் குடித்துவிட ஆசைப்பட்ட நாய்க்கு! கடலினும் பெரியது எது என்று இளமையில் விடை சொன்னவர், அடியார் பெருமை என்னும் கடலின் கரையில் நின்றபோது தம்மை இவ்வளவு சிறியராகக் கண்டார். நூல் அரங்கேறியபின் அரசன் அவரை யானைமேல் ஏற்றித் தானே பின்னிருந்து கவரி வீசினான். அதற்குப் பிறகும் அவர் அமைச்சுப் பதவிக்குத் திரும்பவில்லை. தில்லையிலேயே அடியாருள் அடியாராக இருந்துவிட்டார். மலையினும் பெரியது எது என்ற வினாவிற்கு இளமையில் ஏட்டில் விடை எழுதினார். முதுமையில் தம் வாழ்வையே விடையாக்கினார்.

அன்பர்களே, இது நம் வீட்டிற்கு வேண்டிய பாடம். மூன்று வேளை நீறு பூசுகிறோம், திருமுறை ஓதுகிறோம். நல்லது. ஆனால், "நான் பூசுகிறேன், அவன் பூசவில்லை" என்ற எண்ணம் நெஞ்சில் எழுந்தால், நெற்றியிலே வெண்ணீறும் உள்ளத்திலே ஆணவ மலமும் அன்றோ இருக்கும்? கோயிலில் முதல் மரியாதை கிடைக்கவில்லை என்று திருவிழாவையே விட்டுச் சென்றவர்களைக் கண்டிருக்கிறோம். வேலைக்குச் சென்று இரவு வண்டியில் களைத்துத் திரும்பும் மகன், "அப்பா, இந்தப் பாட்டிற்கு என்ன பொருள்?" என்று கேட்டால், "இத்தனை வயதில் இதுகூடத் தெரியாதா?" என்று சீறும் பெரியவர்களையும் கண்டிருக்கிறோம். அந்தச் சீற்றத்தோடு ஒரு தலைமுறையின் வழிபாடு அறுந்து போகிறது. பொருள் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "வா, இருவரும் பார்ப்போம்" என்று ஏட்டை விரியுங்கள். மகன் நமக்குத் தெரியாததைச் சொன்னால், குன்றத்தூர்த் தந்தையாரை நினைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இளைஞர்களும் ஒன்றை மறவற்க. நீங்கள் சொல்லும் விடைக்கு வேர், உங்களை வளர்த்த வீட்டிலே இருக்கின்றது.

கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தின்மீது கொண்ட அன்பால், சேக்கிழார் பெருமான் குன்றத்தூரிலும் ஒரு திருநாகேச்சரம் எடுப்பித்தார். அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளோடு அங்கே செல்லுங்கள். பெரியவர்கள் முன்னே நடக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை கைபிடித்து அழைத்துச் சென்றால் அவன் பின்னே செல்லுங்கள். சந்நிதியில் இருவரும் ஒருங்கே தலை தாழ்த்துங்கள். எல்லார்க்கும் தந்தையாகிய அப்பெருமான் திருமுன் நாம் அனைவரும் குழந்தைகளே.

திருச்சிற்றம்பலம்.