விருப்பமும் வேலையும்



தொழிலில் சேர்பவன் நிலைப்பானா, நீங்குவானா என்பதை முன்னறியலாமா? அமெரிக்க உளநூல் அறிஞர் ஸ்ட்ராங் 1927-இல் விருப்பத் தேர்வொன்றை வெளியிட்டார். அது அளப்பது திறமையை அன்று, மனநாட்டத்தை. முன்பு அத்தேர்வை எழுதிய கல்லூரி மாணவர்களை 18 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்து, விருப்பம் எளிதில் மாறுவதில்லை என்று 1955-இல் நூல் எழுதினார்.

ஆலை வாயிலிலோ நிலை வேறு. 1888-இல் முதல் நூற்பாலை கண்ட கோவைக்கு எங்கள் பொள்ளாச்சிப் பிள்ளைகளும் வேலை தேடிச் செல்வர். அங்கே வினாத்தாளைக் கொடுத்தால், எல்லாம் பிடிக்கும் என்றே குறிப்பர்; வயிறே விடை எழுதும். ஆதலால், பிழைப்பு பணயமாகாத பள்ளிப் பருவத்திலேயே அத்தேர்வை நடத்துதல் நன்று என்பது தலைமையாசிரியனாக இருந்த என் கருத்து.

பஞ்சுத் தூசியும் இரவு வேலையும் குறைந்த கூலியும் ஒருவனை விரட்டுமாயின், அக்குற்றத்தை அவன் விருப்பத்தின்மேல் ஏற்றலாகாது.