சொற்படி நடக்காத லாரி



பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தெருக்களில் ‘பூஸ் பூஸ்’ என்றொரு வண்டி ஓடியது. ஆட்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். உள்ளே அமர்ந்திருப்பவரே முன்புறத்துக் கோலைப் பிடித்துத் திசை திருப்புவார். வண்டி சரியாகத் திரும்பவில்லையென்றால் குற்றம் எங்கே என்று நெடுநேரம் தேட வேண்டியதில்லை.

இன்று அதே நேரான தெருக்களின் வழியே சரக்கு கொண்டுவரும் பழைய லாரியின் நிலை வேறு. ஓட்டுநரின் கைக்கும் தரையைத் தொடும் டயருக்கும் இடையே பல உறுப்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டியரிங் சக்கரத்தின் தண்டு, ஸ்டியரிங் பாக்ஸ் என்னும் பெட்டிக்குள் இறங்குகிறது. அப்பெட்டியிலிருந்து வெளிப்படும் இரும்புக் கை, டிராக் லிங்க் என்னும் தண்டைத் தள்ளியும் இழுத்தும் ஒரு முன்சக்கரத்தைத் திருப்புகிறது. டை ராடு என்னும் குறுக்குத் தண்டு மற்றச் சக்கரத்தையும் உடன் திருப்புகிறது. இரு சக்கரங்களும் அச்சின் முனைகளில் உள்ள கிங் பின் என்னும் தடித்த முளைகளைப் பற்றித் திரும்புகின்றன.

ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி முளையில் திரும்பும் இவ்வமைப்பு பழமையானது. 1818-இல் லண்டனில் ஆக்கர்மன் என்பவர் குதிரை வண்டிகளுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். 1873-இல் பிரான்சின் லெ மான் நகரைச் சேர்ந்த அமேதே பொல்லே, தம் நீராவி வண்டியின் முன்சக்கரங்களைத் தனித்தனியே திரும்புமாறு அமைத்தார். அவ்வண்டிக்கு அவர் ‘லொபெயிஸான்த்’ என்று பெயரிட்டார். அதன் பொருளைப் பிரெஞ்சு பயில்வோர் அறிவீர்கள்: ‘சொற்படி நடப்பவள்’.

நம் பழைய லாரி சொற்படி நடக்காவிடில் செய்வது யாது? ‘ஸ்டியரிங் சரியில்லை’ என்று ஓட்டுநர் கூறுவது பல நோய்களுக்குப் பொதுவான ஒரு முறையீடே. ஆகவே முதலில் அவரைக் கேட்க வேண்டும். ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியும் வண்டி அசையாதிருக்கிறதா? ஒரு பக்கமாக இழுக்கிறதா? திருப்பக் கனமாக இருக்கிறதா? வேகம் ஏறும்போது துடிக்கிறதா? இந்நான்கும் வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன.

ஒரு பக்கமாக இழுத்தால் ஸ்டியரிங் பாக்ஸைத் தொடுமுன் டயர்களின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். இரு பக்கமும் ஒத்திருந்தால், ஒரு பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறதா என்று ஆராயுங்கள். பிறகு, பட்டை வில்லின் நடு போல்ட் ஒடிந்து அச்சு ஒருபுறம் பின்னே நகர்ந்திருக்கிறதா என்று இருபுறமும் அளந்து காணுங்கள். துடிப்பு இருந்தால் சக்கரங்களின் சமநிலையையும் மூட்டுகளின் தேய்மானத்தையும் நோக்க வேண்டும்.

திருப்பக் கனமாக இருந்தால், காற்றழுத்தத்தைப் பார்த்தபின் டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைச் சுழற்றலாம். அப்போதும் கனமாக இருந்தால் குற்றம் மேலே, பெட்டியிலோ தண்டிலோ இருக்கிறது. எளிதாகச் சுழன்றால் கீழே, கிரீஸ் வற்றிய கிங் பின் போன்றவற்றில் இருக்கிறது. ஒரே சோதனையில் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் மிகுந்திருந்தால் இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றவர், கையை இடையில் நுழைக்காமல், மூட்டுகளை மேலிருந்து வரிசையாகக் கவனிக்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம். பின்னர் முன்னச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கர பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின்னில்.

ஆட்டம் எவ்வளவு இருக்கலாம்? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 98-ஆம் விதி, ஸ்டியரிங் சக்கரத்தில் 30 பாகைக்கு மேல் ஆட்டம் இருத்தல் கூடாது என்கிறது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரமானால், விளிம்பில் அது ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். மூட்டுகளுக்கு ரப்பர் உறை வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. உறை கிழிந்தால் மழைநீரும் மண்ணும் உட்புகும். கடலோர ஊரில் துருவும் விரைந்து சேரும்.

இங்கே ஒரு சபலத்தைக் குறிப்பிட வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் திருகாணி ஒன்று உண்டு. அதை முறுக்கினால் சில நிமிடங்களில் ஸ்டியரிங் இறுகிவிடும்; ஓட்டுநரும் மகிழ்வார். ஆனால் தேய்ந்தது டை ராடின் மூட்டாக இருந்தால் அது தேய்ந்தபடியே இருக்கும். அளவுக்கு மீறி இறுகிய பெட்டியும் விரைவில் கெடும். வலியை மட்டும் மறைத்துவிட்டு நோயை வளரவிடும் மருத்துவம் அது. நகரத்துத் தெருவில் மெல்லச் செல்லும்போது இக்குற்றம் தெரிவதில்லை. திண்டிவனம் நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது அந்த மூட்டு கழன்றால், ஓட்டுநர் திருப்பியபடி சக்கரங்கள் திரும்பமாட்டா. எதிரே சைக்கிளில் வருபவர் உங்களுள் ஒருவராகவும் இருக்கக்கூடும்.

குற்றம் காண்பதற்குப் பெருங்கருவிகள் முதலில் வேண்டுவதில்லை. அசைவு எங்கே தொடங்கி எங்கே தடைப்படுகிறது என்று படிப்படியாகப் பின்பற்றும் பொறுமை வேண்டும். எளிய காரணத்தை முதலில் சோதித்து விலக்கும் ஒழுங்கும் வேண்டும். இவ்வொழுங்கு பட்டறையில் ஓட்டுநரின் பணத்தைக் காக்கிறது. சாலையில் உயிரைக் காக்கிறது. பௌதிகச் சோதனைச்சாலையில் நீங்கள் பயிலும் முறையும் இதுவேயன்றோ?