பெண்ணுக்குப் பெண் துணையே!



"பெண்ணுக்குப் பெண்தான் எதிரி; மாமியாரைப் பாருங்க, நாத்தனாரைப் பாருங்க"ன்னு எதிரணித் தம்பி அடிச்சுப் பேசினார். டி.வி. சீரியல் நிறையப் பார்ப்பார் போலிருக்கு! (சிரிப்பு)

நான் ஒரு கதை சொல்றேன். வங்காளத்திலே பிறந்த ரொக்கேயா, கோஷாவிலே வளர்ந்தவர், 'சுல்தானாவின் கனவு'ன்னு ஆங்கிலத்திலே எழுதினார். அதிலே ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள்ளே! ஆட்சி பெண்கள் கையிலே. மேகத்திலிருந்தே தண்ணீரை இறக்கிக்கிறாங்க. 2019-லே செம்பரம்பாக்கம் ஏரி வறண்டப்போ லாரிக்குப் பின்னாலே குடத்தோட ஓடினவங்களுக்குத் தெரியும், அந்தக் கனவின் அருமை. படையெடுத்து வந்தவனைச் சூரிய வெப்பத்தைத் திருப்பி விட்டே விரட்டறாங்க. ஆவடியிலே டாங்கி செய்யறவங்க கோபிக்கக் கூடாது! (கைதட்டல்)

1905-லே இதை அச்சிட்டது யார்? நம்ம சென்னை! கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் 1901-லே தொடங்கிய 'இந்தியன் லேடீஸ் மேகசின்'. மதம் வேறு, தாய்மொழி வேறு. ஆனால், ஒரு பெண்ணின் கனவுக்கு இன்னொரு பெண் இடம் கொடுத்தார்.

அதோடு முடியலே. 2018-லே நியூயார்க் புரூக்ளினிலே பிறந்த இந்திய வம்சாவளி ஓவியர் சித்ரா கணேஷ் அந்தக் கதையை 27 லினோகட் அச்சுப் படங்களாக்கினார். லினோலியத்தை உளியால் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றுவது. செதுக்கின இடம் வெளிறும், விட்ட இடம் மை பிடிக்கும், இடது வலதாகும். ரப்பர் ஸ்டாம்பு மாதிரி எல்லாவற்றையும் மாற்றி யோசிக்கணும். ரொக்கேயா கதையும் அதைத்தானே செய்தது?

சித்ரா பெண்ணியவாதி. தன்னைப் பால்புதுமையர் என்று ஒளிக்காமல் சொல்லிக்கொள்பவர். அதாவது, ஆணுக்குப் பெண் என்ற வழக்கமான ஜோடிக் கணக்குக்குள்ளே அடங்காதவர். முன்வரிசையிலே சிலர் நெளிகிறீர்கள், தெரிகிறது! அதே 2018 செப்டம்பரிலேதான் தன்பால் உறவு குற்றமல்ல என்று நம் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது.

எதிரணிக்கு ஒன்று. அப்படி ஒரு பெண் பூந்தமல்லியிலே நம்ம தெருவிலேயே இருந்தால், முதலில் யாரிடம் வாய் திறப்பாள்? அப்பாவிடமா? அம்மாவிடம், அக்காவிடம், கூடப் படித்தவளிடம். அந்த அம்மா கதவைச் சாத்தினால் உங்கள் அணி ஜெயித்தது, ஒத்துக்கொள்கிறேன். சாத்தாமல், "சாப்பிட்டியாடி?" என்று கேட்கிற அம்மாக்களும் இந்தக் கூட்டத்திலே இருக்கிறார்கள்.

நடுவர் மணி அடித்துவிட்டார்.